பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு

பேக்ஸ் என்றதும் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. "இன்னுமா அதெல்லாம் இருக்கு?" என்று கேட்பார்கள். இருக்கிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் எத்தனையோ கம்பெனிகளில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் மூலையில் ஒரு பேக்ஸ் மெஷின் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அது வேலை செய்யாத அன்றைக்கு என்னைத்தான் திட்டுகிறார்கள். என் பெயர் அஜித்குமார். கம்பெனிகளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போட்டுக் கொடுத்து, வருஷ ஒப்பந்தத்தில் பராமரிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் ஒன்பது வருஷமாக டெக்னீஷியன். ராஜேஷ்குமார் சார் முதலாளி. நானும் இன்னும் இரண்டு பேரும் தொழிலாளிகள்.

நான் சொல்லப்போகிற கம்பெனி சூளகிரி பக்கத்தில் இருக்கிறது. பிரேக் பாகங்கள் செய்கிறார்கள். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதன் தலைமை அலுவலகம் ஜூஜுவாடி தாண்டி, கர்நாடகத்துக்குள், அத்திப்பள்ளியில். சூளகிரி தொழிற்சாலையில் என் அக்கா மாரம்மா ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். பிரேக் தகடுகளை அளவு பார்த்து, சரியானதை ஒரு டப்பாவிலும் தவறானதை இன்னொரு டப்பாவிலும் போடுவது அவள் வேலை. நிரந்தரத் தொழிலாளிகளுக்குச் சாம்பல் நிறச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு. கேன்டீனில் வரிசை வேறு. கம்பெனி பஸ்ஸில் சாம்பல் நிறம் உட்கார்ந்த பிறகு இடமிருந்தால் ஆரஞ்சு உட்காரலாம். லாரிக்குப் போன மாமா ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. மகள் ஹரிணி ஒன்பதாவது படிக்கிறாள். சாம்பல் நிறச் சட்டை ஒன்றுதான் அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது.

அந்தக் கம்பெனியில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரம் செய்வார்கள். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு இடமில்லை. அக்காவுக்கு வருகிற ஜூனில் முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

பட்டியல் மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் பேக்ஸில் போக வேண்டும். மெயிலில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். போன தடவை மெயிலில்தான் போனது. போகிற வழியில் எவனோ எக்செல் ஷீட்டைத் திறந்து இரண்டு பேரை எடுத்துவிட்டு வேறு இரண்டு பேரைச் சொருகினான். எவன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, அதாவது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கான்ட்ராக்ட் தொழிலாளர் கமிட்டிச் செயலாளர் முனிவேல் அண்ணன் சண்டை போட்டு ஒரு ஏற்பாட்டை எழுத்தில் வாங்கினார். பட்டியலைக் கையால் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். எல்லோர் கண் முன்னாலும் மெஷினில் செருக வேண்டும். அந்தப் பக்கம் வந்து சேரும் தாள்தான் ஆதாரம். "பேக்ஸ்ல போற பேர எவனும் உருவ முடியாதுப்பா" என்பார் முனிவேல் அண்ணன். ஊரே நம்பியது. நானும் நம்பினேன், எனக்குத்தான் விஷயம் தெரியும் என்றாலும்.

ஜனவரியில் கம்பெனிக்காரர்கள் பழைய லைன்களை எடுத்துவிட்டு இன்டர்நெட் வழியாகப் போகிற ட்ரங்க் லைனுக்கு மாறினார்கள். அதில் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கிப் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால் மனுஷன் சமாளித்துக்கொள்வான். "சாப்...டியா" என்று காதில் விழுந்தாலும் சாப்பிட்டேன் என்று பதில் சொல்வான். பேக்ஸ் மெஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. "அந்தத் துண்டு வரல, மறுபடி அனுப்பு" என்று கேட்கும். மறுபடி தொலையும், மறுபடி கேட்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பாதிப் பக்கத்தில் லைனை வெட்டிவிடும்.

இதற்கென்று ஒரு தனி முறை இருக்கிறது, பேக்ஸை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோக. சூளகிரியில் நாங்கள் போட்ட புது எக்ஸ்சேஞ்சுக்கு அது தெரியும். அத்திப்பள்ளியில் இருக்கும் பழைய எக்ஸ்சேஞ்ச் வேறு கம்பெனி செய்தது. தெரியும் என்று தலையாட்டிவிட்டுப் பாதியில் கைவிட்டுவிடும். அதைப் பராமரிப்பவர் பெங்களூர்க்காரர். எத்தனை தடவை போன் செய்தாலும், எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் பக்கத்தைப் பாருங்கள் என்று கன்னடத்தில் ஒரே பதில்தான். "நம் கடே எல்லா சரியாகிதே சார், நிம் கடே நோடி." எங்கள் பக்கமும் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சரியாக இருந்ததால் இரண்டு மாதம் ஒரு பேக்ஸும் முழுசாகப் போகவில்லை.

மார்ச் முப்பது காலையில் எச்.ஆர். அதிகாரி சென்னகிருஷ்ணன் சார் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு பேக்ஸ் போகலைன்னா பிரச்சினை எனக்கு வராதுப்பா. உங்க ஒப்பந்தத்துக்குத்தான் வரும்" என்றார். அவர் எப்போதுமே குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம்.

மதியம் வரை போராடினேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். சத்தத்தைச் சுருக்கி அனுப்புகிற அமைப்பை மாற்றினேன். பத்துக்கு நாலு போனது, ஆறு அறுந்தது. கடைசியில் மெஷினின் மெனுவுக்குள் போய் எரர் கரெக்ஷன் என்பதை ஆஃப் செய்தேன். அதை ஆஃப் செய்தால் மெஷின் மறுபடி கேட்காது. தொலைந்த துண்டு தொலைந்ததுதான். வந்ததை மட்டும் ஒட்டி அச்சடித்துவிட்டு, இங்கே ஓகே என்று சொல்லிவிடும். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

பத்துத் தாள் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் டெஸ்ட் என்று ஒரே ஒரு வார்த்தை. பத்துக்கும் ஓகே. அத்திப்பள்ளியில் தாள்களை எடுக்கும் கிளார்க் கங்கப்பனுக்குப் போன் போட்டேன்.

"வந்துச்சாண்ணா?"

"வந்துச்சப்பா, வந்துச்சு. பத்து பேப்பர். சும்மா சும்மா அனுப்பிக்கினு ஏன் பேப்பர வேஸ்ட் பண்றே?"

முறைப்படி செய்திருந்தால் பக்கம் நிறையப் பொடி எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டு, அத்திப்பள்ளிக்கு வண்டியில் போய், வந்த தாளை என் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. ராஜேஷ்குமார் சார் அதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். பர்கூரில் ஒரு கம்பெனியில் எல்லா லைனும் செத்துக் கிடந்தது. "பத்துக்குப் பத்து ஓகே" என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி, சென்னகிருஷ்ணன் சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு நானும் போனேன், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள. டைம் ஆபீஸ் வாசலில் ஆரஞ்சுச் சட்டைகள் கும்பலாக நின்றன. மூன்று பக்கம், நாற்பத்தொரு பெயர். முனிவேல் அண்ணனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டாவது பக்கத்தில் பதினேழாம் எண்ணில் மாரம்மா, தகப்பனார் பெயர் மாரிசாமி. நேரே அக்காவின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட மாதிரி ஒவ்வோர் எழுத்தாக. தாள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தது. ஓகே என்று ரிப்போர்ட் அடித்ததும் கைதட்டினார்கள். யாரோ மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார்கள். முனிவேல் அண்ணன் முதல் துண்டை என் வாயில் வைத்தார். "நம்ம பையன் இல்லன்னா இன்னிக்கு நடந்திருக்குமா?" என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

ஏப்ரல் இருபதாம் தேதி ஆர்டரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். நாற்பது பெயர்.

அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. மாலையில் ஹரிணிதான் செய்தாள். "மாமா, அம்மா சாப்பிட மாட்டேங்குது, நீ வா" என்றாள். போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பிப்ரவரில தகடு அளவு பாக்கற கேஜ் தேஞ்சிருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்டா. அவரு மூஞ்சியே மாறிப்போச்சு. அதுதான் போல" என்றாள்.

"அதெல்லாம் இருக்காதுக்கா."

"இல்லன்னா ஹரிணிக்குக் காய்ச்சல்னு மூணு நாள் லீவு போட்டேனே, அதா? சேந்த புதுசுல ஒரு டப்பா மாத்தி வெச்சுட்டேன். அது இன்னுமா ஞாபகம் வெச்சிருப்பாங்க?"

ஏழு வருஷத்தையும் புரட்டிப் புரட்டித் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி "நீ என்ன பண்ணித் தொலைச்சியோ" என்று கேட்டாளாம். என்ன நடந்திருக்கும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் போய் விசாரிக்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

மறுநாள் அத்திப்பள்ளி. எக்ஸ்சேஞ்ச் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே போனேன். கங்கப்பன் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும் மனிதர், நல்லவர்தான். கேட்டதும் பைலை எடுத்து நீட்டினார். இரண்டாவது பக்கத்தில் பதினைந்து, பதினாறு, பதினெட்டு. நடுவில் இடைவெளிகூட இல்லை. பதினாறின் அடிக்கோடும் பதினெட்டின் மேல்கோடும் ஒன்றாகிவிட்டன. கோட்டுக்கு அடியில் ஒரு எழுத்தின் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அரை வினாடி லைன் தடுமாறியிருக்கும், அவ்வளவுதான். மெஷின் மறுபடி கேட்கவில்லை, கேட்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"பதினாறுக்கு அடுத்து பதினெட்டுன்னு இருக்கே, நீங்க பாக்கலையாண்ணா? அடியில மொத்தம் நாப்பத்தொண்ணுன்னு வேற எழுதியிருக்கு."

"பாத்தனே."

"பாத்தும் கேக்கலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோடப்பா, முப்பத்தாறு வருஷமா லிஸ்ட்டு பாத்துக்கினு இருக்கேன். கடைசி நேரத்துல ஒரு பேர எடுக்கறது எப்பவும் நடக்கறதுதான். மேல யாரோ சொல்லி எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். நான் போய் ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா, உனக்கு என்னாத்துக்குன்னு என்னையத்தான் கேப்பாங்க. நாப்பதுன்னு டைப் அடிச்சு மேல அனுப்பிட்டேன்."

"மேல யாரும் கேக்கலையா?"

"அவங்களும் நான் நெனச்ச மாதிரியேதான் நெனச்சிருப்பாங்க."

அது யாருடைய பெயர் என்று சொன்னேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். அந்தத் தெருவில் ஒரு பெயரை எடுத்தால் அவருக்கு ஆச்சரியமாக இருக்காது, எடுக்காமல் விட்டால்தான் ஆச்சரியம். அந்த "ஓ"வில் அவ்வளவும் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவராவது காகிதத்தைப் பார்த்தார், நான் அதுகூடச் செய்யவில்லை.

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினேன். பேக்ஸ் மெஷினில் நான் செய்த மாற்றத்தால் ஒரு வரி விடுபட்டுவிட்டது, தவறு என்னுடையது, மூலப் பட்டியலைப் பார்த்துத் திருத்தவும் என்று. ராஜேஷ்குமார் சாரிடம் காட்டினேன். "இதக் குடுத்தா அந்தக் கம்பெனியோட போகாதுடா, சிப்காட் முழுக்கப் பரவும்" என்றார். "நீயே யோசிச்சுக்கோ" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். யோசித்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சென்னகிருஷ்ணன் சார் நிதானமாகப் படித்தார். இரண்டு நாள் கழித்து என்னையும் முனிவேல் அண்ணனையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது.

"லெட்டர மேல அனுப்பினேன். அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. வந்து சேர்ற தாள்தான் ஆதாரம், முப்பத்தொண்ணு அஞ்சு மணிக்குள்ள வந்தாத்தான் செல்லும். இது நீங்க கேட்டு வாங்கின ஒப்பந்தம். சரியா முனிவேலு?"

"ஆமாங்க சார்."

"இப்ப இந்தத் தம்பி என்ன சொல்றாரு? பேக்ஸ் சரியா வரலைங்கறாரு. அதுல ஒரு வரி போச்சுன்னா வேற என்னென்ன போச்சோ யாருக்குத் தெரியும்? அப்ப மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள சரியான லிஸ்ட் வரலைன்னுதான் அர்த்தம். ஆர்டர் மொத்தமும் ரத்து. நாப்பது பேரும் அடுத்த தடவை பாத்துக்கலாம்." கடிதத்தை மேஜையில் என் பக்கமாகத் தள்ளினார். "இல்ல, பேக்ஸ் சரியாத்தான் வந்துச்சுன்னா, நாப்பது நாப்பதுதான். எது வேணுமோ நீங்களே முடிவு பண்ணுங்க. நான் நடுவுல வரல."

நாற்பத்தொன்று என்கிற கணக்கே அவர் வாயில் வரவில்லை. ஓங்கி மேஜையில் அடித்திருக்கலாம். காபியைக் குடித்துவிட்டு வந்தோம். முனிவேல் அண்ணன் கேட் வரைக்கும் என்னோடு நடந்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பதில் அவரும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் அவளோடு வேலை பார்த்தவர்கள். யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பழம் வாங்கி வந்திருந்தார்கள். ஒருத்தி அழுதாள். முனிவேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"மாரம்மா, உனக்கு நடந்தது அநியாயம்தான். நான் இல்லைங்கல. அடுத்த தடவை வயசு வரம்ப ஏத்தச் சொல்லிப் போராடுவோம். தம்பி அந்த லெட்டர மட்டும் வாபஸ் வாங்கிட்டாருன்னா..."

"என்ன பேசறீங்க நீங்க?" என்று நான் எழுந்தேன். "உங்க நாப்பது பேருக்கு இவதான் கெடைச்சாளா? எல்லாரும் சேந்து நின்னா அவங்களால ரத்து பண்ண முடியுமா?"

சேர்ந்து நிற்பார்களா என்று அவர்களுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறச் சட்டைக்கு அளவு கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அக்கா ஹரிணியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். பிறகு, "அவன் வாங்கிக்குவான், நீங்க போங்கண்ணா" என்றாள்.

அவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவசரமாகப் போனார்கள். நன்றி சொல்ல வாயெடுத்த ஒருத்தியை இன்னொருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்குக்கா விட்டுக் குடுத்த?" என்று கத்தினேன். "உனக்கென்ன பெரிய தியாகின்னு நெனப்பா?"

"தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாளைக்குக் காலைல அஞ்சே முக்காலுக்கு அவங்களோடதான்டா பஸ்ல போகணும். நாப்பது குடும்பத்து வயித்தெரிச்சல வாங்கிக்கினு அந்த மேஜைல நான் எப்படி ஒக்கார்றது?"

நான் அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். செட்டிங் பற்றி அவளுக்கு முழுசாகச் சொன்னேன். எதை ஆஃப் செய்தேன், ஏன் செய்தேன், பர்கூருக்கு ஏன் போனேன் எல்லாம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். வேலையில் தகடுகளைப் பார்ப்பது போல, கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத ஆஃப் பண்ணா வரி போகும்னு உனக்குத் தெரியுமா?"

"போனாலும் போகலாம்னு தெரியும்."

"யாரோட வரி போகும்னு தெரியுமா?"

"அதெப்படிக்கா தெரியும்? எது வேணாலும் போகும்."

"அப்ப நாப்பத்தொரு பேர்ல எவ பேரு போனாலும் போகட்டும்னுதான் நீயும் இருந்திருக்க." குரலில் கோபமே இல்லை. "அந்தப் பதினெட்டாவது பேரு போயிருந்தா, நீ அத்திப்பள்ளிக்குப் போயி அந்தக் காகிதத்தப் பாத்திருப்பியா?"

பதினெட்டு யார் என்று எனக்குத் தெரியாது. பட்டியலில் அக்காவின் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரையும் நான் படித்திருக்கவில்லை. போயிருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"போயிருப்பேன்க்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். பிறகு எழுந்து, அவர்கள் வைத்துவிட்டுப் போன பழப் பையை என் கையில் கொடுத்து, போகிற வழியில் எங்கேயாவது போட்டுவிடச் சொன்னாள்.